சாரணர் அணியை ஊர் வேலையில் இறக்குவது எப்படி

உங்கள் சாரணர் படையோ சாரணியர் குழுவோ அடுத்து என்ன ஊர்ப்பணி செய்யலாம் என்று யோசிக்கிறீர்கள் என்றால், வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: அந்த வேலையை யார் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள்? பல குழுக்களில் பெரியவர்களான நாமே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். தேதி, இடம், துடைப்பம், கையுறை, குடிதண்ணீர் எல்லாவற்றையும் நாமே ஏற்பாடு செய்துவிட்டுப் பிள்ளைகளைச் சீருடையில் வந்து நிற்கச் சொல்கிறோம். அவர்களும் வருகிறார்கள், இரண்டு மணி நேரம் குப்பை பொறுக்குகிறார்கள், எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு கலைந்து போகிறோம். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே குப்பை கிடக்கிறது. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. நாம் அவர்களிடம் கேட்டது உடல் உழைப்பை மட்டும்தான், யோசனையைக் கேட்கவே இல்லை.

சாரணர் இயக்கம் தொடங்கிய விதம் இப்படி இல்லை. 1907 ஆகஸ்டில், இயக்கத்தைத் தொடங்கிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சுமார் இருபது பையன்களை வைத்து நடத்திய முதல் முகாமில், வசதியான வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு அணிக்கும் ஒரு விலங்கின் அல்லது பறவையின் பெயர், தோளில் ஒரு நிற நாடா, தலைவனாக அவர்களிலேயே ஒரு பையன். அணிக்குள் நடப்பதற்கெல்லாம் அந்தப் பையன்தான் பொறுப்பு. அதற்கு முன்பே, 1899-1900இல் தென்னாப்பிரிக்காவின் மாஃபெக்கிங் நகரம் 217 நாள் முற்றுகைக்குள் கிடந்தபோது, சிறு பையன்கள் சைக்கிளில் செய்தி கொண்டு போய்ச் சேர்த்ததை அவர் நேரில் பார்த்திருந்தார். அது காலனியப் போர். குண்டு விழும் இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியதை இன்று நாம் யாரும் ஏற்கக் கூடாது. ஆனால் நிஜமான வேலையை நம்பிக் கொடுத்தால் அந்த வயதில் அதைச் சுமக்க முடியும் என்பதை அவர் அங்கேதான் கண்டார். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலசில் நடந்த சாரணர் கூட்டத்துக்கு யாரும் அழைக்காமலே பெண் பிள்ளைகள் வந்து நின்று, எங்களுக்கும் இது வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே சாரணியர் இயக்கம் பிறந்தது. பிள்ளைகள் தாங்களாகவே முன்வந்து கேட்டு வாங்கிய இயக்கம் இது, அதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

முதல் வேலை, நடப்பது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ஓர் அணியை ஒரு குறிப்பேட்டோடு ஒரு மணி நேரம் தெருக்களில் நடக்கவிடுங்கள். "இங்கே என்ன பிரச்சினை இருக்கிறது?" என்று கேட்டு அனுப்பினால் குப்பை, கொசு, போக்குவரத்து என்று பாடப்புத்தகப் பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "இந்த வழியில் யாருக்கு எது சிரமமாக இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போகச் சொல்லுங்கள், ஏனென்றால் அதே தெரு இரண்டு நேரத்திலும் வேறு வேறு ஆட்களுக்குச் சொந்தமாக இருக்கும். கட்டாயம் மூன்று பேரிடமாவது பேசிவிட்டு வர வேண்டும் என்பது விதி. அதில் ஒருவர் வயதானவராக இருந்தால் நல்லது.

இந்தப் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதை நான் ஒரு நூலக வாசலில் பார்த்தேன். அணியில் பாதிப் பேர் சுவரில் ஓவியம் வரையலாம் என்று முடிவே செய்துவிட்டார்கள், நிறம் வரைக்கும் பேசியாகிவிட்டது. அணியில் அதிகம் பேசாத ஒரு பெண் மட்டும் படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் போய், "பாட்டி, இங்கே வர உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டாள். பாட்டி சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏறிவிடுகிறேன் அம்மா, இறங்கும்போதுதான் பிடிக்க ஒன்றுமில்லை" என்றார். அந்தப் பெண் உடனே அளவுநாடாவை எடுத்து ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து எழுதினாள், ஒரு படி மற்றவற்றைவிட உயரமாக இருந்தது. அணி சுவரோவியத்தை விட்டுவிட்டது. படிகளின் அளவு, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள் என்ற கணக்கு, கையால் வரைந்த ஒரு படம், இவற்றோடு பொறுப்பான அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கைப்பிடி கட்டும் வேலை பிள்ளைகளுடையது இல்லை, அது கொத்தனாரும் பற்றவைப்பவரும் செய்ய வேண்டியது. ஆனால் தேவையைக் கண்டுபிடித்ததும் அளந்ததும் எழுதியதும் அவர்கள். துடைப்பம் பிடிப்பது மட்டும்தான் ஊர்ப்பணி என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேர்வு. எல்லா அணிகளும் பார்த்துவிட்டு வந்ததை அணித்தலைவர்கள் கூடும் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் அங்கே இருக்கலாம், ஆனால் பேசாமல் இருங்கள். இது சொல்ல எளிது, செய்யக் கடினம். மௌனம் அரை நிமிடம் நீடித்தாலே நமக்கு வாய் துறுதுறுக்கும். பொறுங்கள், யாராவது பேசுவார்கள். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு யோசனையையும் மூன்று கேள்விகளால் அவர்களே சலித்தெடுக்கட்டும்: இதை நாம் செய்யாவிட்டால் யாருக்காவது குறை தெரியுமா? பெரும்பகுதியை நம் கையாலேயே முடிக்க முடியுமா? நாம் போன பிறகு இதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? மூன்றாவது கேள்வியில்தான் பாதி யோசனைகள் விழும். மரக்கன்று நடுவது பெரும்பாலும் இங்கேதான் அடிபடுகிறது, நட ஆள் கிடைக்கும், கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் கிடைக்காது. தண்ணீருக்கு முறை வைத்துப் பெயர்ப் பட்டியல் போட முடிந்தால் நடட்டும், முடியாவிட்டால் வேண்டாம். வாக்கெடுப்பைக் கடைசியில் வையுங்கள், முதலிலேயே வைத்தால் குரல் பெரிதாக உள்ள அணி ஜெயித்துவிடும்.

பாதுகாப்பை மட்டும் பிள்ளைகளின் முடிவுக்கு விடாதீர்கள். பெற்றோர் ஒப்புதல், இடத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி, முதலுதவிப் பெட்டி, எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு ஆளில்லாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி. இதில் பேரமே இல்லை. கண்ணாடித் துண்டு, ஊசி, சாக்கடை, மின்கம்பி, வேகமாக வண்டி ஓடும் சாலை, ஆழமான தண்ணீர், இவை இருக்கும் இடத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள், எவ்வளவு நல்ல காரணமாக இருந்தாலும் சரி.

வேலையைப் பிரிக்கும் பொறுப்பு அணித்தலைவருடையது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் பெயரிலேயே ஒரு பொறுப்பு இருக்க வேண்டும்: ஒருவர் கருவிகளுக்கு, ஒருவர் கணக்குக்கு, ஒருவர் குறிப்பேட்டுக்கு, ஒருவர் அக்கம்பக்கத்து ஆட்களிடம் பேசுவதற்கு, ஒருவர் முதலுதவிக்கு. "எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டால் இரண்டு பேர் ஓடுவார்கள், மற்றவர்கள் நிற்பார்கள், நிற்கிறவர்களுக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைக்கும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் முழுப் பொறுப்பே கொடுங்கள். இரக்கத்துக்காக ஏதோ ஒரு சின்ன வேலையைத் தூக்கிக் கொடுத்தால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்த வேலையில் பொறுப்புகளை மாற்றுங்கள்.

சாரணர் பயிற்சியில் கற்ற திறமை நிஜ வேலையில் பயன்படும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். மரக்கன்றுகளுக்குக் கழிகளால் கூண்டு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கழிகளைக் குறுக்காக வைத்துக் கட்டும்போது கயிற்றைக் கழியில் பிடிக்க வைக்கும் கிளவ் ஹிட்ச் முடிச்சில் ஆரம்பித்து, கயிற்றைச் சுற்றி, கழிகளுக்கு நடுவே இறுக்கி, அதே முடிச்சில் முடிப்பார்கள். அப்படி ஒரு சின்னப் பையன் கட்டிய கூண்டு ஆடியது. அவனுடைய அணித்தலைவி அதை அவிழ்த்துத் தானே கட்டவில்லை, கழியைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிக் காட்டி, "எங்கே தளர்ந்திருக்கிறது, பாரு" என்றாள். பையன் குனிந்து பார்த்தான். சுற்று சரிதான், நடுவில் இறுக்கும் சுற்றை விட்டிருந்தான். அவிழ்த்து மறுபடி கட்டினான், இந்த முறை அவனே ஆட்டிப் பார்த்தான். அவளுக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். நானாக இருந்தால் அவசரத்தில் கயிற்றைக் கையில் வாங்கியிருப்பேன். முடிச்சைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு முனைகளைச் சேர்த்துக் கட்டும் ரீஃப் முடிச்சு கட்டுத்துணிக்கும் பொட்டலத்துக்கும்தான். பாரம் தாங்க வேண்டிய இரண்டு கயிறுகளை அதால் இணைக்கக் கூடாது, நழுவிவிடும். இதை முகாமில் ஆயிரம் முறை சொன்னாலும் மறக்கும் பிள்ளை, கன்று சாய்ந்ததை ஒரு முறை பார்த்தால் மறக்காது.

எப்போது தலையிட வேண்டும்? ஆபத்து வந்தால், யாருடைய மரியாதைக்காவது குறை வந்தால், பணம் கைமாறினால். மற்றபடி திட்டம் சொதப்பினால் சொதப்பட்டும். சுண்ணாம்பு போதாமல் பாதிச் சுவரோடு நின்றால், எப்படிக் கணக்குப் போட்டோம் என்று அவர்களே உட்கார்ந்து பார்ப்பார்கள். நீங்கள் வண்டியில் போய் இன்னொரு மூட்டை வாங்கி வந்து இறக்கினால் அந்தக் கணக்கு அவர்களுக்குக் கடைசிவரை வராது.

மரியாதை என்று சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு செய்யும்போதே இதில்தான் அதிகம் தவறுகிறோம். முதியோர் இல்லத்துக்குப் போகும் அணி, பழத்தைக் கொடுத்துக் கையோடு படம் எடுத்துக்கொண்டு வந்தால், அங்கே இருப்பவர் வெறும் வாங்குகிற ஆளாகிவிடுகிறார். அவர் நாற்பது வருடம் ஒரு தொழில் செய்தவர், ஏதாவது ஒன்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பிள்ளைகளை அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வரச் சொல்லுங்கள்: ஒரு தையல், ஒரு பாட்டு, ஒரு கணக்கு, பழைய காலத்தில் இந்த இடம் எப்படி இருந்தது என்ற கதை. கேமராவைப் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். படம் அவசியம் வேண்டுமென்றால், வேலையைப் படம் எடுங்கள். ஆளை எடுப்பதாக இருந்தால் முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லப் பழக்குங்கள்.

வேலை முடிந்த அன்றே, கை கழுவிய கையோடு, இருபது நிமிடம் வட்டமாக உட்காருங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை, யாரிடமிருந்து என்ன கற்றோம். அணித்தலைவர் கேட்கட்டும், சின்னப் பிள்ளையிலிருந்து ஆரம்பிக்கட்டும், பெரியவர்கள் பேசிய பிறகு சின்னவர்கள் அதையேதான் திருப்பிச் சொல்வார்கள். சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். "மிகவும் பயனுள்ள அனுபவம்" என்று யாராவது எழுதினால் அடித்துவிட்டு, "கடப்பாரை ஒன்றுதான் இருந்தது, மூன்று பேர் காத்திருந்தோம்" என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை உதவப்போவது அந்த வரிதான். பேட்ஜும் சான்றிதழும் நல்லதுதான், பிள்ளைகளுக்கு அவை பிடிக்கும், கொடுங்கள். ஆனால் அவற்றைக் காட்டி ஆள் சேர்க்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி போங்கள். பல குழுக்கள் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். கன்று பிழைத்ததா, மனுவுக்குப் பதில் வந்ததா, ஒட்டிய புத்தகங்களின் அட்டை இன்னும் ஒட்டியிருக்கிறதா? மனு ஒன்றும் ஆகவில்லை என்றால் மறுபடி எழுதட்டும், மறுபடி போகட்டும். ஊர் என்பது ஒரு நாள் போய்விட்டு வரும் இடமில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிவது இந்த இரண்டாவது நடையில்தான், அங்கே இருப்பவர்களுக்கும் இந்தப் பிள்ளைகள் மேல் நம்பிக்கை வருவது அப்போதுதான். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் விமானத் தாக்குதல் ஓய்ந்ததும் சாரணர்கள் தெருத்தெருவாக ஊதுகொம்பு ஊதி ஆபத்து நீங்கியதை அறிவித்தார்கள். அந்த ஒலியை நம்பி மக்கள் வெளியே வந்தார்கள் என்றால், அந்தப் பையன்கள் அதற்கு முன்பே அந்தத் தெருக்களுக்குத் தெரிந்த முகங்களாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பெரிய வேலைகளுக்கு நடுவே தினமும் ஒரு நற்செயல் என்ற பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். கழுத்துப்பட்டியின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, அன்றைய நற்செயலைச் செய்து முடிக்கும் வரை அதை ஞாபகக்குறியாக வைத்திருப்பது ஆரம்பகால வழக்கம். இன்றும் சின்னப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. என்ன செய்தார்கள் என்று கூட்டத்தில் சொல்லச் சொல்லாதீர்கள், சொல்ல வேண்டும் என்று வந்தால் சொல்வதற்காகவே செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியாக, தலைமையைக் கைமாற்றுவது. அணித்தலைவர் தேர்வுக்காகவோ மேல்படிப்புக்காகவோ விலகும் நேரம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு ஒரு வேலை முன்னதாகவே அடுத்தவரை அணி தேர்ந்தெடுக்கட்டும், அந்த ஒரு வேலையை இருவரும் சேர்ந்து நடத்தட்டும்: புதியவர் முடிவெடுக்க, பழையவர் கூட நிற்க. வேலை முடிந்து வட்டமாக உட்காரும்போது குறிப்பேட்டையும் தொடர்பு கொள்ள வேண்டியவர்களின் பட்டியலையும் பழையவர் கையாலேயே புதியவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள், பதில் வராத மனுக்களின் நகல் உட்பட.