கடனை விலைக்கு வாங்கின கம்பெனி உங்க மேல கேஸ் போட்டா என்ன செய்யணும்

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் கணக்குன்னா பேரேட்டை விரிச்சுக் காட்டணும், வாய்ப்பேச்சு செல்லாது. அப்படி வளர்ந்தவங்க சம்மன் வந்தா மட்டும் பயந்துபோய் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிடுறாங்க. காரைக்குடியில எங்க சித்தப்பா மகன் அதைத்தான் செஞ்சான், பர்சனல் லோனை பேங்க் இன்னொரு கம்பெனிக்கு வித்துருச்சு, அவங்க கேஸ் போட்டாங்க, அமீனா குடுத்த கவரை தம்பி 22 நாள் பிரிக்கவே இல்ல.

இந்தக் கம்பெனி யாருன்னே தெரியாதுன்னு தூக்கிப் போட்றாதீங்க. 2002 சர்ஃபாசி சட்டப்படி பேங்க் வாராக்கடனை ஏஆர்சி கம்பெனிக்கு, அதாவது கடனை விலைக்கு வாங்கி வசூல் பண்ற கம்பெனிக்கு விக்கலாம், உங்க சம்மதம் தேவையில்ல.

முதல்ல வந்தது நெசமாவே சம்மனான்னு பாருங்க. வக்கீல் நோட்டீஸ், லோக் அதாலத் நோட்டீஸ் எல்லாம் பார்க்க கோர்ட்டு பேப்பர் மாதிரியே இருக்கும். கேஸ் நம்பர் இருந்தா இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டுப் பாருங்க, எந்தக் கோர்ட்டு, அடுத்த வாய்தா என்னைக்குன்னு வந்துரும். பேங்க் கடன் 20 லட்சத்துக்கு மேலன்னா மதுரையில இருக்கிற டிஆர்டி, அதாவது பேங்க் கடன் வசூலுக்கான தீர்ப்பாயம், அதுக்கு நடைமுறையே வேற.

சாதா சிவில் கேஸ்னா சம்மன் கைக்கு வந்த நாள்லேர்ந்து 30 நாளுக்குள்ள எதிருரை, அதாவது எழுத்துல உங்க பதிலை போடணும், கோர்ட்டு அனுமதிச்சா 90 வரை இழுக்கலாம். ஆனா சம்மன்ல ஆர்டர் 37னு (சீக்கிரமா முடிக்கிற கேஸ் முறை) இருந்தா ஆஜராகவே 10 நாள்தான், அதனால அன்னைக்கே வக்கீல்கிட்ட ஓடுங்க.

எதிருரையில "எல்லாம் பொய்"னு மொத்தமா எழுதினா வேலைக்காகாது, பத்தி பத்தியா மறுக்கணும், மறுக்காததை ஒத்துக்கிட்டதாவே எடுத்துக்குவாங்க. பேங்க் வித்ததுக்கான பத்திரம் எங்க, அதோட பட்டியல்ல என் லோன் நம்பர் இருக்கா, முதல் நாள்லேர்ந்து பேங்க் ஸ்டேட்மென்ட் எங்க, வட்டி எப்படி இவ்வளவு ஆச்சுன்னு கேளுங்க. தம்பி கேஸ்ல அவங்க வச்சது ஒரு மங்கலான ஜெராக்ஸ், அதுல அவன் நம்பரையே காணோம்! பேரேடே இல்லாம கடன் கேட்டு வந்தா எங்க அய்யா திண்ணையில கூட உக்கார விட்டிருக்க மாட்டாரு.

அடுத்தது காலாவதி, அதாவது கேஸ் போடறதுக்கான கெடு. அடமானம் இல்லாத கடனுக்கு பொதுவா 3 வருஷம், கம்பெனி கை மாறினதால அது புதுசா ஆரம்பிக்காது. ஆனா கொரோனா சமயத்துல 15.03.2020லேர்ந்து 28.02.2022 வரை உள்ள காலத்தை சுப்ரீம் கோர்ட்டே கழிச்சுக்கச் சொல்லிருச்சு, அந்த நாளை அந்த 3 வருஷத்துல சேர்க்காம எண்ணுங்க. போன்ல "ஒரு 500 மட்டும் போடுங்க சார், கேஸை நிறுத்திடறோம்"னு கெஞ்சுவாங்க, வக்கீலைக் கேக்காம போடாதீங்க, எதுலயும் கையெழுத்தும் போடாதீங்க. கெடு முடியறதுக்கு முன்னாடின்னா 3 வருஷம் மறுபடி முதல்லேர்ந்து ஓட ஆரம்பிச்சுரும், முடிஞ்ச பிறகும் கட்டிடறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா செத்த கணக்குக்கு உயிர் வந்துரும்.

வாங்கினது உண்மை, பேப்பரும் சரியா இருக்குன்னா பேசி முடிக்கிறதுதான் புத்திசாலித்தனம், பேசினதை கோர்ட்டுல மெமோவா பதிவு பண்ணிட்டு அப்புறம் காசு குடுங்க.

வக்கீலுக்கு வசதியில்லையா, 15100க்கு போன் போடுங்க, பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், மத்தவங்கள்ல பலருக்கு வருமான வரம்பு உண்டு.

ஏற்கனவே நீங்க போகாததால எக்ஸ்பார்ட்டி ஆகி டிகிரி (கோர்ட்டு தீர்ப்பாணை) வந்துருச்சுன்னா 30 நாளுக்குள்ள அதை ரத்து பண்ண மனு போடலாம், சம்மனே வரலைன்னா தீர்ப்பு தெரிஞ்ச நாள்லேர்ந்து எண்ணணும். அதையும் விட்டா அந்த டிகிரியை வச்சு 12 வருஷம் வரை சம்பளத்துல கை வைக்க வருவாங்க.