பக்கத்தை விட்டு வெளியே வா: ஃபார்வர்டை எப்படிச் சோதிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கணக்கும் அறிவியலும்தான் பாடம், ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் போனில் வருவதில் எதை நம்பலாம் என்று பார்ப்பதற்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதை உங்கள் வீட்டிலும் செய்யலாம். ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு மணி நேரம் போதும்.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்டால், இந்த ஊரிலேயே நடந்ததைத்தான் சொல்வேன். 2012 ஆகஸ்டில் எஸ்எம்எஸ்ஸில் பரவிய வதந்தியால் வடகிழக்கு மாநிலத்து மக்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறி ஊரை விட்டே போனார்கள். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, சாமராஜ்பேட்டையில் பிழைக்க வந்த ஓர் இளைஞரை அடித்தே கொன்றார்கள். அப்போது கைமாறிக்கொண்டிருந்த வீடியோ ஒன்றில் பைக்கில் வருகிற இரண்டு பேர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்தது; குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் மாடியில் ஒரு சத்தம் இருக்காது. பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

படி 1: வீட்டு க்ரூப்பிலிருந்தே எடுங்கள்

புத்தகத்து உதாரணம் வேண்டாம். ஆளுக்கு ஒரு ஃபார்வர்டு கொண்டுவரச் சொல்லுங்கள், அனுப்பியவர் பெயரை மட்டும் வெட்டிவிட்டு. செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்து உண்மையா பொய்யா என்று சொல்ல முடியாது, எழுதினவர் யார் என்று நமக்கு அனுப்பியவருக்கே தெரிந்திருக்காது என்பது மட்டும் புரியும்.

படி 2: முதலில் மனசைக் கவனிக்கச் சொல்லுங்கள்

படித்ததும் கோபமா, பயமா, பெருமையா? நோட்டில் ஒரே வார்த்தை எழுதட்டும். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது, எல்லோரும் 'பெருமை' என்றுதான் எழுதுவார்கள். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. பெருமைப்படுவதில் தப்பே இல்லை, ஆனால் மனசு பொங்குகிற அந்த நேரத்தில்தான் விரல் ஃபார்வர்டு பட்டனுக்குப் போகிறது.

படி 3: பக்கத்தை விட்டு வெளியே வா

இதுதான் பாடத்தின் உயிர், பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றி 1998-இல் வேண்டுமென்றே பொய்யாகக் கட்டிவிட்ட ஒரு இணையதளம் உண்டு. அதைக் காட்டி, நம்பலாமா என்று கேளுங்கள். பிள்ளைகள் பக்கத்துக்குள்ளேயே தேடுவார்கள்: படம் இருக்கு, எழுத்துப் பிழை இல்லை, அழிந்துவரும் உயிரினம், காப்பாற்றுங்கள் என்றுகூட எழுதியிருக்கு அக்கா என்பார்கள். பொய் சொல்கிறவனுக்கும் நல்ல டிசைன் செய்யத் தெரியும், அதனால் பக்கத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. இது பெரியவர்களுக்கும் நடக்கிறதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்களிடம் இணையதளங்களைக் கொடுத்துப் பார்த்து 2017-இல் எழுதினார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் லோகோவையும் தளத்தின் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடியிலேயே புது டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போய்விட்டார்கள்.

அதையே பழக்குங்கள். தளத்தின் பெயரைப் புது டேப்பில் தட்டச் சொல்லுங்கள், அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பெரிய வசதி, தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் தேடலாம். தமிழில் வந்த ஃபார்வர்டின் அசல் பல தடவை வேறு மொழியில்தான் அகப்படுகிறது.

படி 4: படமாக இருந்தால்

படத்தைக் கொடுத்தால் அது வேறு எங்கே வந்திருக்கிறது என்று தேடித்தரும் கூகுள் லென்ஸில் போடுவதற்கு முன்னால் கண்ணால் பார்க்கப் பழக்குங்கள். போன மழைக்காலத்தில் ஒரு பையன் "நம்ம ஊர் வெள்ளம்" என்று ஒரு படம் கொண்டுவந்தான். பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். தண்ணீரில் பாதி மூழ்கின ஆட்டோவின் நம்பர் பிளேட்டில் கே.ஏ. இல்லை, டி.எஸ். இருந்தது, அதாவது தெலங்கானா. பின்னால் இருந்த கடைப் பலகையைக் காட்டி, கன்னடம் நன்றாகப் படிக்கிற ஒரு பெண், "அக்கா, இது கன்னடம் மாதிரி இருக்கு, ஆனா எழுத்து மேல டிக் போட்ட மாதிரி இருக்கே, இது தெலுங்கு" என்றாள். அப்புறம் லென்ஸில் போட்டோம், 2020 அக்டோபர் ஹைதராபாத் வெள்ளம் என்று வந்தது. லென்ஸ் சொன்னதைவிட அந்தப் பெண்ணின் கண் பார்த்ததுதான் எனக்குப் பெரிது. கண் பழகிவிட்டால் கடைப் பலகை, பஸ்ஸின் நிறம், ஆட்கள் போட்டிருக்கும் ஸ்வெட்டர் என்று தானாகவே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 5: யார் சொன்னது, எப்போது சொன்னது

"நாளை பள்ளி விடுமுறை" என்று மழை நாளில் வருமே, அதை எடுங்கள். விடுமுறை விடுவது டி.சி. ஆபீஸ் (தமிழ்நாட்டில் கலெக்டர் ஆபீஸ் மாதிரி), அப்படியென்றால் அங்கிருந்து வந்த அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும், தேதியோடு. பழைய ஆணையின் போட்டோவே திரும்ப வரலாம். மத்திய அரசுத் திட்டம், இலவச லேப்டாப் என்று வந்தால் மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி 2019-இலிருந்து நடத்துகிற ஃபேக்ட் செக் பக்கத்தைக் காட்டுங்கள்.

படி 6: நடுவே ஒரு உண்மையையும் கலந்துவிடுங்கள்

இதை நான் முதலில் செய்யவில்லை, நான்காவது வகுப்பில் எதைக் காட்டினாலும் "பொய்" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் நம்புவது எவ்வளவு ஆபத்தோ, எதையுமே நம்பாமல் இருப்பதும் அவ்வளவு ஆபத்து. இப்போது, 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை என்று எழுதிப்போடுகிறேன். சான்ஸே இல்லை என்பார்கள். தேடிப் பார்த்துவிட்டு, உண்மைதான் என்று அவர்களே வந்து சொல்வார்கள்.

படி 7: வீட்டில் எப்படிச் சொல்வது

அனுப்பினது தாத்தாவாக இருக்கும். க்ரூப்பில் எல்லோர் முன்னாலும் "இது பொய்" என்று போட்டால் அவருக்கு மனசு கஷ்டப்படும், பிள்ளைக்கும் திட்டு விழும், அடுத்த முறை சொல்லவே மாட்டான். தனியாக அனுப்பச் சொல்லுங்கள், கண்டுபிடித்த லிங்கோடு. வெள்ளப் படம் கொண்டுவந்த அந்தப் பையன் எழுதினது இது: "தாத்தா, நீங்க அனுப்புன படம் 2020-ல ஹைதராபாத்ல எடுத்ததாம். லிங்க் வெச்சிருக்கேன் பாருங்க. அங்க மழையில நீங்க வெளிய போகாதீங்க." தாத்தா அன்று சாயந்திரமே க்ரூப்பில் தானாகவே அழித்துவிட்டாராம். இப்போது ஏதாவது வந்தால் பேரனுக்குத்தான் முதலில் அனுப்புகிறார், கீழே ஒரு கேள்விக்குறியோடு.