கன்றுக்கு இரண்டாவது கோமாரி ஊசியை விட்டுடாதீங்க

அறுப்பு முடிஞ்சு, ராமநாதபுரத்துக் கிடை ஆடுகள் மன்னார்குடிப் பக்கம் வயலில் இறங்கும்போதுதான் நம்மில் பலருக்கு, மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் வரவைக்கும் கோமாரி நோய்க்கான தடுப்பூசி ஞாபகம் வருது. வெளியூர் மந்தையோட நோயும் வந்திடலாம்; அப்போ போட்டா பிந்திடும். ஊசியில் இருப்பது செத்த கிருமி. அதை அடையாளம் கண்டு மாட்டின் உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் பண்ண 2, 3 வாரம் பிடிக்கும். மார்கழியிலேயே போட்டுடுங்க.

கன்று விஷயம் வேறு. பிறந்து 2 மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பால்தான் அதுக்கு முதல் தடுப்பு. நஞ்சுக்கொடி விழட்டும்னு கன்றைக் கட்டிப்போடும் வழக்கம் எங்க வீட்டிலும் இருந்தது; வேண்டாங்க. ஆனா தாய் கொடுத்த அந்த எதிர்ப்பே, ரொம்பச் சின்ன வயசில் போடும் ஊசியை வேலை செய்ய விடாது. அதனால்தான் 4 மாசத்தில் முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு இன்னொன்று, அப்புறம் 6 மாசத்துக்கு ஒருமுறை. முதல் ஊசி அறிமுகம் மாதிரி. கிருமியை உடம்பு அழுத்தமா ஞாபகம் வெச்சுக்கிறது இரண்டாவதில்தான்.

குடற்புழு மருந்தை ஊசிக்கு 2 வாரம் முன்னாடியே கொடுத்துடுங்க. ஊசி போட்ட மறுநாள் பால் கொஞ்சம் குறையும், கழுத்தில் நெல்லிக்காய் அளவு வீக்கம்கூட வரலாம். தானா வடிஞ்சிடும்.