ரெய்லே பாறையில் டைட்டானியம் போல்ட் பதிப்பது

தாய்லாந்தின் ரெய்லே, டோன்சாய் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில், ஏறுநர்கள் கயிற்றை மாட்டுவதற்காகப் பதித்த 304, 316 ரக எவர்சில்வர் போல்ட்டுகள் சில ஆண்டுகளிலேயே உடையக்கூடும். குளோரைடு உப்பும் உலோகத்துக்குள் இருக்கும் இறுக்கமும் சேர்ந்து நுண்விரிசல் உண்டாக்கும். வெளியே துரு தெரியாமலும் போகலாம். தன்னார்வ ஏறுநர்கள் அங்கே டைட்டானியத்துக்கு மாறியது இதனால்தான்.

முதலில் சுத்தியலால் பாறையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் பொத்தென்று கேட்டால் இடத்தை மாற்றுங்கள். துளை, போல்ட் தண்டைவிடச் சுமார் 2 மி.மீ. அகலமாக இருக்கட்டும்.

சுத்தம் செய்வதில் அவசரமே கூடாது. தூசி தங்கினால் போல்ட்டை ஒட்டும் எபாக்சி பசை பாறையைப் பிடிக்காது, போல்ட் பசையோடு உருவிக்கொண்டு வரும். காற்றடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி காற்றடியுங்கள். தூசி வருவது நிற்கும்வரை, குறைந்தது மூன்று சுற்று. முகமூடி கட்டாயம்.

எபாக்சியின் இரண்டு பகுதிகளும் கலந்து நிறம் சீராகும்வரை முதலில் வரும் பசையை வீசிவிட்டு, துளையின் அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நிரப்புங்கள். போல்ட்டைச் சுழற்றியபடி செருகும்போது விளிம்பில் பசை பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் உள்ளே காற்று இருக்கிறது. எடுத்து இன்னும் நிரப்புங்கள்.

24 மணி நேரம் யாரும் தொங்காதபடி போல்ட்டில் டேப் ஒட்டி, ஏறும் பாதையின் அடியிலும் அறிவிப்பு வையுங்கள். பசை முழுதாக இறுகிய பிறகே பழைய போல்ட்டை அகற்றுங்கள்.