ரீஸ்லிங் விழா: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினுக்காக நடக்கும் விழாக்களில் உணவு மேசைக்குப் பின்னால் நின்று ஒயின் ஊற்றிக்கொடுப்பவன் நான். புதிதாக வருபவர் கிளாஸை நீட்டும் விதத்திலேயே, அடுத்து எங்கே சறுக்கப்போகிறார் என்று தெரிந்துவிடும். எல்லாம் நான் சறுக்கிய இடங்கள்தான். வெறும் வயிற்றோடு வராதீர்கள், நடுநடுவே தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

'அவுஸ்லேசே' என்றாலே இனிப்பு என்று நம்புவது

என் பணத்தைத் தின்ற தவறு இது. ஜெர்மன் பாட்டில்களில் காபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே என்று எழுதியிருக்கும். இனிப்பு படிப்படியாக ஏறும் வரிசை என்றே நினைத்திருந்தேன். ஒரு விழாவில் அவுஸ்லேசே ஒன்றை ருசித்தேன், தேனாக இருந்தது. விருந்துக்கு ஆப்பிள் டார்ட் என்ற இனிப்புப் பண்டத்தோடு பரிமாறலாம் என்று தோன்றியது. அந்த ஸ்டாலில் கூட்டம் நெரிந்ததால், பக்கத்து ஸ்டாலில் அதே பெயர் போட்ட வேறொன்றை ருசிகூடப் பார்க்காமல் 12 பாட்டில் வாங்கிவிட்டேன்.

விருந்தன்று ஒரு வாய் டார்ட், ஒரு மடக்கு ஒயின். எலுமிச்சம்பழத்தைக் கடித்தது போல எல்லார் முகமும் சுருங்கியது. பாட்டிலைத் திருப்பினால், அவுஸ்லேசேக்குக் கீழே சின்ன எழுத்தில் 'ட்ரோக்கன்'. அதாவது, இனிப்பே இல்லாத ட்ரை வகை!

அந்தப் பெயர்கள் சொல்வது, பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதை. பழுத்த திராட்சையில் உள்ள சர்க்கரையில் எவ்வளவை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்ற விடுவது என்பது ஒயின் செய்பவர் முடிவு. ட்ரோக்கன் என்றால் லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது. ஹால்ப்ட்ரோக்கன் என்றால் பொதுவாக 18 வரை. ஃபைன்ஹெர்ப் என்பதற்குச் சட்டத்தில் வரம்பே இல்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எதுவும் புரியவில்லையா? ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8 சதவீதம் என்றால் சர்க்கரை மிச்சமிருக்கிறது. 12.5 என்றால் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. என் பாட்டிலில் அந்த 12.5 கண்ணெதிரே அச்சிட்டிருந்தது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்று: ஒயின் இனிப்பாக இருந்தால் மட்டும் போதாது, தட்டில் இருப்பதைவிட இனிப்பாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ரீஸ்லிங்கின் புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். லேசான இனிப்புள்ள காபினெட்டைக் கேக்கோடு கேட்டு வாங்குபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும். உப்பு தூக்கலான நீலச் சீஸோடு இனிப்பு அவுஸ்லேசேயைக் குடித்துப் பாருங்கள், அப்புறம் டார்ட் ஞாபகமே வராது. என் மிச்சப் பாட்டில்களெல்லாம் வாட்டிய மீனோடு தீர்ந்தன. அதற்கு அருமையாகப் பொருந்தியது, அது வேறு கதை.

காரத்தோடு ட்ரை

மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கிளறிவிடும். காரமான தட்டுக்கு ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்பு மிச்சமுள்ள ரீஸ்லிங்கைக் கேளுங்கள்.

இனிப்பில் தொடங்குவது

அப்புறம் வரும் ட்ரை எல்லாம் வெறும் புளிப்பாகத்தான் தெரியும். இனிப்பு ஒயினைக் கடைசிக்கு வையுங்கள்.

பெட்ரோல் வாடை என்று கொட்டிவிடுவது

நானும் ஒருமுறை கெட்டுப்போனது என்று கிளாஸைத் திருப்பிக் கொடுத்தேன். ஊற்றியவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அந்த மண்ணெண்ணெய் வாசனைக்குக் காரணம் டிடிஎன் என்ற சேர்மம். நல்ல வெயில் பட்ட திராட்சையில் அதற்கான மூலப்பொருள் அதிகம். பாட்டிலில் வயது ஏற ஏற வாசனையும் கூடும். பிடிக்காமல் போகலாம், ஆனால் ஒயின் கெடவில்லை.

ஐஸ் போலக் குடிப்பது

குளிர் மிஞ்சினால் வாசனை அடங்கிவிடும். 8 முதல் 10 டிகிரி சரி. அதைவிடச் சில்லென்று வந்தால் கிளாஸைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருங்கள்.

பாட்டில் அடியில் பளபளக்கும் துகள்

கண்ணாடித்தூள் இல்லை, டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகம். குடியுங்கள்.