இது காசா, பயனா? ஆட்டக் கோட்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்குப் பிழை, அட்டவணையில் வரிசை மாறிப்போவது எல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் நான் விழுந்த குழியிலேயே தேடிப்போய் விழுகிறார்கள். அதைத்தான் எழுத வந்தேன்.

காசையே பயனாக எழுதுவது

கைதிகளின் தடுமாற்றம் தெரிந்த ஆட்டம்தான். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3. இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, மற்றவருக்கு 0. எதிராளி என்ன செய்தாலும் ஏமாற்றுவதே லாபம். ஆக, இருவரும் ஏமாற்றுவதுதான் இதன் நாஷ் சமநிலை: தான் மட்டும் மாறினால் யாருக்கும் லாபம் இல்லாத நிலை. ஆனால் பரிசோதனையில் உட்கார வைத்தால் கணிசமானோர் ஒத்துழைக்கிறார்கள். உடனே "நாஷ் சமநிலை பொய்த்தது, மனிதர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை" என்று எழுதத் தோன்றும். நான் அப்படி ஓர் அத்தியாயமே எழுதினேன். என் வழிகாட்டி அட்டவணையில் இருந்த 3-ஐ மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இது நீ கையில் கொடுத்த காசா, அவர் மனசுக்குக் கிடைத்த பயனா?" என்று கேட்டார். அத்தியாயம் போயிற்று.

நாம் கொடுப்பது காசு. கோட்பாடு பேசுவது பயனை. 1999-இல் ஃபேர், ஷ்மிட் என்ற பொருளியலாளர்கள் இருவரும் தந்த எளிய சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். எதிராளிக்கு என்னைவிட அதிகம் கிடைத்தால் அந்த வித்தியாசத்தை ஆல்பா என்ற எண்ணால் பெருக்கி என் வரவில் கழிக்க வேண்டும். எனக்கு அதிகம் கிடைத்தால் பீட்டா என்ற எண்ணால். ஏற்றத்தாழ்வு ஒருவரை எவ்வளவு உறுத்துகிறது என்பதன் அளவுதான் இரண்டும். இரண்டும் 0.5 என்று வைப்போம். ஒத்துழைப்பவரை ஏமாற்றினால் எனக்கு 5 − 2.5 = 2.5. ஒத்துழைத்தாலோ 3. ஆக, அவர் ஒத்துழைப்பார் என்றால் நானும் ஒத்துழைப்பேன். அவர் ஏமாற்றினால்? ஒத்துழைத்த எனக்கு −2.5, நானும் ஏமாற்றினால் 1. எனவே ஏமாற்றுவேன்.

கவனித்தீர்களா? இது இப்போது கைதிகளின் தடுமாற்றமே இல்லை. இரண்டு சமநிலைகள் உள்ள வேறோர் ஆட்டம். எது நடக்கும் என்பது எதிராளி என்ன செய்வார் என்று நான் நினைப்பதைப் பொறுத்தது. ஏமாற்றியவர் சுயநலக்காரராகவே இருக்க வேண்டியதில்லை, ஏமாந்துவிடுவோமோ என்று பயந்தவராகவும் இருக்கலாம். நானோ யாரிடமும் "அவர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்கவே இல்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட முடியுமா? முழுப் பரிசோதனையையும் புதிய ஆட்களோடு மறுபடி நடத்தினேன். இன்றைக்கும் அந்த ஒரு கேள்வி இல்லாத படிவத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இருமுறை எண்ணுவது

நியாய உணர்வைப் பயனுக்குள் ஏற்றியாயிற்றா? சரி, அதை மறுபடி தனியாகக் கூட்டாதீர்கள். எண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

கொடுத்தவரெல்லாம் வள்ளல் என்பது

டிக்டேட்டர் ஆட்டத்தில் ஒருவர் தன் காசில் எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பார், மற்றவர் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். அதில் எதிராளியின் காசை எடுத்துக்கொள்ளவும் அனுமதி கொடுத்துப் பாருங்கள். லிஸ்ட் என்ற பொருளியலாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் செய்தார். கொடுப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

நோக்கத்தை மறப்பது

அல்டிமேட்டம் ஆட்டத்தில் ஒருவர் பங்கை நீட்டுவார், மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அதில் 10-இல் 2-ஐ மட்டும் நீட்டுகிறார் ஒருவர். ஃபால்க், ஃபேர், ஃபிஷ்பாக்கர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சரிபாதியாகப் பிரிக்க வழியிருந்தும் அப்படி நீட்டியபோது 44% பேர் மறுத்தார்கள். வேறு வழியே இல்லாமல் நீட்டியபோது 18%தான். கையில் வருவது இரண்டிலும் அதே 2. தொகைகளை மட்டும் பார்க்கிற மேலே சொன்ன சூத்திரத்தால் இந்த இடைவெளியை விளக்க முடியாது. அங்கே 1993-இல் ராபின் என்ற பொருளியலாளர் காட்டிய வழிக்குத்தான் போக வேண்டும்: எதிராளியின் எண்ணத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதும் பயனுக்குள் வரும்.

ஆளுக்கொரு பீட்டா

ஆளுக்கு ஏற்றபடி பீட்டாவை மாற்றிக்கொண்டே போனால் எதையும் விளக்கிவிடலாம். ஓர் ஆட்டத்தில் அளந்ததை வைத்து அடுத்த ஆட்டத்தைக் கணித்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.