சான்றிதழ் சுவரில், ஷாஃப்ட் திரும்பி வாசலில்

கோவையில் பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைச் சான்றிதழ் வாங்கிய பிறகும் 'பேரிங் லூசாக உட்காருகிறது' என்று சரக்கு திரும்பி வந்துகொண்டே இருந்தது. தப்பு எங்களுடையதுதான். ஆடிட்டுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து ஒரு வருடப் பதிவேட்டை ஒரே பேனாவில் நிரப்பினால் வேறென்ன நடக்கும்?

அந்தத் தரநிலையின் பிரிவு 10.2-ஐ ஒருநாள் நிதானமாகப் படித்தேன். தவறைச் சரிசெய்தால் போதாது, அதன் காரணத்தைத் தேடு என்கிறது. சரி, திரும்பி வந்த ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் எந்த மெஷின், எந்த ஷிஃப்ட் என்று எழுத ஆரம்பித்தோம். இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது: பெரும்பாலானவை மாலை ஷிஃப்டில் கடைந்தவை.

காலை ஷிஃப்ட் அண்ணன் ஷாஃப்டைத் தட்டில் வைத்துவிட்டு டீ குடித்து வந்துதான் அளப்பார். மாலைப் பையன்கள் சக்கிலிருந்து (கடைசல் மெஷினில் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் பகுதி) கழற்றிய சூட்டோடு அளந்தார்கள். 25 மி.மீ. எஃகு, 20 டிகிரி கூடுதல் சூட்டில் கிட்டத்தட்ட 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெருக்கும். எங்களுக்கு அனுமதித்த வரம்போ, 25.002 முதல் 25.015 வரை, வெறும் 13 மைக்ரான். சூட்டில் சரியாகக் காட்டிய ஷாஃப்ட் ஆறியதும் சுருங்கிவிடும், பேரிங் லூசாகிவிடும்.

அப்புறம், கழற்றிய ஷாஃப்ட் அரை மணி நேரம் ஆறிய பிறகே மைக்ரோமீட்டர் கருவியால் அளக்க வேண்டும் என்று வேலைக் குறிப்பில் சேர்த்தோம். அளவுக் கருவிகளைத் தேடிச் சோதித்ததில் ஒரு மைக்ரோமீட்டரின் பூஜ்யமே நகர்ந்திருந்தது, அதையும் ஒதுக்கினோம். திரும்பி வருவது அநேகமாக நின்றுவிட்டது. அடுத்த கண்காணிப்பு ஆடிட்டுக்கு நான் எதையும் புதிதாக எழுதவில்லை.